ஒரு முடி பாக்கி

இன்று காலை உன் தகர டப்பாவைத் திறந்தேன். நீ போனதிலிருந்து பரண்மேல் கிடந்த டப்பா. மூடியைக் கழற்றியதும் அந்த வாடை முகத்தில் அடித்தது. விளக்கெண்ணெயும் பித்தளைத் தூளும் சேர்ந்த வாடை. ஊரில் மற்றவன் பெண்டாட்டி பக்கத்தில் வந்தால் மல்லிகைப்பூ மணக்கும், மஞ்சள் மணக்கும். உன் கையில் எப்போதும் இதுதான். நீ பிசைந்து வைத்த சோற்றில்கூட இது வருகிறது என்று நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருக்கிறேன். இன்றைக்கு அதே டப்பாவுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். சிரிக்காதே.

திறக்க வைத்தவர் மீரான் பாய். சிம்மக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். சைக்கிளை நம் வாசல் வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். தாடி முழுக்க வெளுத்துவிட்டது.

"மாப்ள, தங்கச்சி தவறுன சமயத்துல ரெண்டாவது மிஷினுக்கு ஊசி எறங்குற தகடு ஒண்ணு குடுத்திருந்தேன். கேக்க மனசு வரல, அப்படியே விட்டுட்டேன். இப்ப பழைய தகடு தேஞ்சு ஓட்ட வாயப் பொளந்து கெடக்கு. ஒங்க கையால அத முடிச்சுக் குடுங்க" என்றார்.

ஒங்க கையால. கேட்டாயா? என் கையாலாம்.

உன்மேல் எனக்குப் பொறாமை. 'இருந்தது' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய். இன்னும் இருக்கிறது. செத்துப்போன பெண்டாட்டிமேல் பொறாமைப்படுகிறவன் இந்த விளாங்குடியில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். நீ உயிரோடு இருந்தபோது இதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதோடு இன்னொரு காரியமும் சொல்லாமல் நிற்கிறது. உனக்குத் தெரிந்த காரியம்தான் அது. ஆனாலும் என் வாயிலிருந்து வரவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முதலிலிருந்து வருகிறேன், பொறுத்துக்கொள்.

நம் கல்யாணத்தின்போது நான் மில்லில் ஃபிட்டராகி இரண்டு வருஷம். ஃபிட்டர் என்றால் சும்மாவா? மிஷின் நின்றுபோனால் என்னைத்தான் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். காக்கி நிக்கரும் பையில் ஸ்பானருமாகத் தெருவில் நடந்தால் என்னைப் பார்க்க எனக்கே பெருமையாக இருக்கும். உன் அப்பா திண்டுக்கல்லில் வீட்டோடு பூட்டுப் பட்டறை வைத்திருந்தார். பெண் பார்க்க வந்த எங்களுக்குப் பாய் விரிக்கவே பூட்டுக் குவியலை ஓரம் தள்ளித்தான் இடம் செய்தார்கள். வீட்டுப் பெண்களெல்லாம் அரத்தால் சாவி ராவுவார்கள், பூட்டுக்குள் இருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகளை அளவு பார்த்து அகலப்படுத்துவார்கள். கல்யாணப் பந்தலில் சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவே உன் அப்பா இந்தத் தகர டப்பாவையும் வைத்தார்.

"இது எதுக்கு மாமா?" என்று கேட்டேன்.

"அது அவ சாமான் மாப்ள. இல்லாட்டி அவளுக்குக் கை அரிக்கும்" என்றார். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

டப்பாவுக்குள் என்ன இருந்தது? வால்போல மெலிந்த உருண்டை அரம் மூன்று. ஒரு சின்னச் சுத்தியல். எண்ணெய்ச் சிமிழ், கிழிந்த துணி. அப்புறம் நீ 'நாலுபட்டை' என்று சொல்லும் அந்தச் சாமான். உடைந்த அரம் ஒன்றை நாலு பக்கமும் பட்டையாகத் தேய்த்து, நுனி ஊசியாகவும் அடி பருமனாகவும் வரும்படி நீயே செய்து மரப்பிடி போட்டது. ஓட்டைக்குள் அதை விட்டுத் திருகினால் நாலு விளிம்பும் உலோகத்தை வழித்துக்கொண்டே இறங்கும். இறங்க இறங்க ஓட்டை பெரிதாகும். அவ்வளவுதான் சங்கதி. கேட்டால் யாரும் செய்துவிடலாம் போலத்தான் இருக்கும்.

நாம் குடிவந்த புதிதில் வாசல் கதவின் கீல் ஆணி தேய்ந்து கதவு தொங்கிவிட்டது, நினைவிருக்கிறதா? நான் மில்லிலிருந்து நல்ல இரும்பு ஆணி ஒன்று கொண்டுவந்தேன். கீலின் ஓட்டைக்குள் அது நுழையவில்லை. "நாளைக்குக் கீலக் கழட்டி மில்லுக்குக் கொண்டுபோயி மிஷின்ல போட்டு வாரேன்" என்று பெரிய மனுஷனாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். முதல் ஷிப்ட் முடித்து வந்தால் கதவு நிமிர்ந்து நிற்கிறது. ஒரு விரலால் தள்ளினால் போகிறது, விட்ட இடத்தில் நிற்கிறது. கிரீச்சென்று ஒரு சத்தம் இல்லை. பத்துத் தடவை திறந்து மூடினேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் திறந்து மூடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

"எண்ணெய் போட்டியா?"

"போட்டேங்க."

"அதான் நல்லாப் போகுது" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் ஊர் மோப்பம் பிடித்துவிட்டது. வண்டிக்காரர் விளக்கோடு வந்தார், பள்ளிக்கூடத்து வாத்தியார் கால் கழன்ற மூக்குக்கண்ணாடியோடு வந்தார், பூக்காரி கத்தரிக்கோலோடு வந்தாள். எல்லாவற்றிலும் ஒரு ஓட்டை, ஒரு ஆணி. ஒன்று பெருத்திருக்கும், மற்றது சிறுத்திருக்கும். வாசலில் மில் ஃபிட்டர் நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருப்பேன். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா இருக்காகளா?" என்பார்கள்.

"ஏன், நான் இருக்கேன்ல?"

"இருக்கட்டும்ணே, ஒங்களுக்கு எதுக்குச் செரமம்?"

அந்த 'இருக்கட்டும்ணே' இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். மில்லில் சக்கரம் சக்கரமாகக் கழற்றி மாட்டுகிறவன் வீட்டு வாசலில் காவல்காரன் ஆகிவிட்டேன்.

நீ வேலை செய்வதைப் பார்க்கக் கூடாது என்று முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவேன். ஆனாலும் பார்ப்பேன். அரைச் சுற்றுத் திருகுவாய், வெளியே எடுப்பாய், துணியால் துடைப்பாய், ஆணியை விட்டுப் பார்ப்பாய். மறுபடி அரைச் சுற்று. மேலிருந்து ஒரு முறை திருகினால் தகட்டைப் புரட்டிக் கீழிருந்து ஒரு முறை. ஒரு பக்கமே திருகினால் ஓட்டை புனல் மாதிரி ஆகிவிடும் என்பாய். முடியப் போகிற சமயத்தில் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்குவாய். ஆணி மட்டும் போக வேண்டும், ஆணியோடு அந்த முடியையும் சேர்த்துவிட்டால் போகக் கூடாது. அதுதான் உன் அளவு. "ஊரு ஓட்டைக்கெல்லாம் முடியப் புடுங்கி மொட்டையாகப் போற" என்று கேலி செய்வேன். நீ தகட்டைப் புரட்டி, அடிப்பக்கம் விரலை வைத்துத் தடவுவாய். பிசிறு தட்டினால் உருண்டை அரத்தால் ஒரு தடவு தடவி எடுத்துவிடுவாய். "மேல எல்லாரும் பாப்பாக. அடியில நாமதான் விரல வச்சுப் பாக்கணும்" என்று ஒரு நாள் சொன்னாய். என்னிடம் சொன்னாயா, தகட்டிடம் சொன்னாயா, தெரியவில்லை.

நீ திண்டுக்கல்லுக்குப் போயிருந்த நாட்களில் நான் திருட்டுத்தனமாக இந்த டப்பாவைத் திறந்து பழகிப் பார்த்திருக்கிறேன். ஒரு பித்தளைத் துண்டில் ஏழெட்டு ஓட்டை. எல்லாம் முட்டை முட்டையாக வந்தது. அளவு பார்க்க என் தலையில் முடியைப் பிடுங்கினால், கிராப்பு வெட்டிய முடி, விரலிலேயே நிற்கவில்லை. அந்தத் துண்டை வைகையில் கொண்டுபோய் எறிந்துவிட்டு வந்தேன்.

யுத்தம் வந்தது. தையல் மிஷினுக்குக் கம்பெனிச் சாமான் எதுவும் கடைகளில் கிடைக்கவில்லை. மீரான் பாயின் மிஷினில் ஊசி இறங்குகிற தகட்டு ஓட்டை அடிபட்டு அடிபட்டு வாயைத் திறந்துகொண்டது. பாத்திரக்காரர் ஒருவரிடம் பித்தளையில் அதேமாதிரி தகடு வெட்டி, நடுவில் சின்னதாக ஓட்டை போட்டு வாங்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். நோன்புப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நீ வீட்டில் இல்லை, தண்ணீருக்குப் போயிருந்தாய்.

"தங்கச்சி இல்லையா மாப்ள?"

"குடுங்க பாய், நான் பாத்துத் தாரேன்" என்று கையை நீட்டினேன்.

அவர் தகட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். வேணுமென்று செய்யவில்லை, பாவம், கை தானாகப் போய்விட்டது. "இருக்கட்டும் மாப்ள. இது மெல்லிசான மல்துணி தைக்கிற தகடு. மில்லு கைக்குச் சரிப்படாது. தங்கச்சி வரட்டும்" என்று சொல்லி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் நான் மீசையைத் தடவிக்கொண்டேன். நீ குடத்தோடு வந்ததும் எழுந்து நின்று, "வாத்தா, ஒனக்காகத்தான் காத்துக் கெடக்கேன்" என்றார். எனக்காக அந்த மனுஷர் ஒரு நாளாவது எழுந்து நின்றிருக்கிறாரா?

மறுநாள் மத்தியானம் நீ தகட்டை முடித்துத் துணியில் சுற்றி மாடக்குழியில் வைத்தாய். மாதிரிக்கு அவர் கொடுத்த ஊசியும் நூலும் அதோடு இருந்தன. "சாயந்தரம் அண்ணே வருவாக. வந்தா குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு மாவு திரிக்கப் போனாய்.

இதுதான் நான் சொல்லாத காரியம். நான் துணியைப் பிரித்தேன். நூல் கோத்த ஊசியை ஓட்டையில் விட்டுப் பார்த்தேன். சரியாகப் போனது. அதற்குமேல் அதில் செய்ய ஒன்றுமே இல்லை. மில்லில் எங்கள் மேஸ்திரி நாளெல்லாம் கத்துவார், "டைட்டா வைக்காதீங்கடா, ஓட்டம் விடுங்கடா" என்று. ஊசி போய்வர இந்த ஓட்டம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். ஓட்டம் போதும் என்று எனக்குத் தெரியும். நாலுபட்டையை எடுத்தேன். மேலிருந்து இரண்டு சுற்று. முழுச் சுற்று. துணியில் சுற்றி இருந்த இடத்திலேயே வைத்தேன். சாயந்தரம் பாய் வந்தபோது நானே எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு மட்டும் என் கையிலிருந்து தயங்காமல் வாங்கிக்கொண்டார்.

நாலாம் நாள் வந்தார். கையில் மூன்று சட்டை. ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெருநாளுக்குத் தைத்த மல்துணிச் சட்டைகள். ஊசி இறங்கும்போதெல்லாம் துணியும் ஓட்டைக்குள் போய்ச் சுருண்டு, தகட்டின் அடியில் மாட்டிக் கிழிந்திருந்தது. அவர் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. சட்டைகளை உன் முன்னால் விரித்து வைத்தார்.

"பெருநாத் துணி தாயி. அந்தப் புள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

நீ தகட்டைக் கையில் வாங்கினாய். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். புரட்டினாய். அடியில் விரலை வைத்தாய். விரல் நின்றது. பிசிறு. மேலிருந்து மட்டும் திருகிவிட்டுக் கீழே தடவாமல் விட்ட பிசிறு. நீ அப்படி விடுகிறவள் இல்லை என்று உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். அந்த இரண்டு பேரும் அங்கேதான் இருந்தோம். நீ தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பாய் என்று பயந்து நின்றேன். நீ பார்க்கவில்லை.

"என் தப்புதாண்ணே. அளவு பெசகிருச்சு" என்றாய்.

பாய் நெடுமூச்சு விட்டார். "ஒன்னச் சொல்லிக் குத்தமில்ல தாயி. பொம்பளப் புள்ளைகிட்ட இந்த வேலயக் குடுத்தது என் புத்தி." பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்ள, இனிமே நீங்களே பாத்துக் குடுங்க."

எத்தனை வருஷமாக நான் ஆசைப்பட்ட வார்த்தை! தட்டில் வைத்து நீட்டுகிறார் மனுஷர். அந்த இடத்தில், "பாய், அத நான்தான் திருகினேன்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? "சரி பாய்" என்றேன். அந்தச் 'சரி'யை இன்றைக்கும் நான் விழுங்க முடியாமல் திரிகிறேன்.

அவர் போனதும் தகட்டை வைத்துக்கொண்டு நான் முழித்தேன். பெரிதான ஓட்டையைச் சிறிதாக்குவது எப்படி? மில்லில் அப்படி ஒரு வேலையே கிடையாது, தூக்கி எறிந்துவிட்டு வேறு போடுவோம். நீ அடுப்படியிலிருந்து வந்தாய். "குடுங்க இங்க" என்றாய். அம்மிக் குழவியைப் படுக்கவைத்து அதன்மேல் தகட்டை வைத்தாய். ஓட்டையைச் சுற்றிலும் சின்னச் சுத்தியலால் பொட்டு வைப்பது மாதிரி தட்டினாய். வட்டமாக, மெதுவாக, ஒரே அளவாக. பித்தளை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டு வந்து ஓட்டை சுருங்கியதை என் கண்ணாலேயே பார்த்தேன். புரட்டி அந்தப் பக்கமும் தட்டினாய். மேடு தெரியாமல் ராவினாய். அப்புறம் நாலுபட்டை, அரைச் சுற்று, துணி, அரைச் சுற்று, துணி. கடைசியில் முடி. முடித்து என் கையில் வைத்தாய்.

"இனிமே வாசல்ல நீங்களே வாங்குங்க. நான் உள்ள உக்காந்து பாத்துத் தாரேன். நீங்களே கொண்டுபோயிக் குடுங்க" என்றாய். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. குழம்புக்குப் புளி ஊறப்போட்டாச்சு என்பது மாதிரி சொன்னாய். நீ என்னைக் காப்பாற்றினாயா, பழிவாங்கினாயா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

சிம்மக்கல்லுக்கு நானே நடந்துபோய்க் கொடுத்தேன். பாய் மிஷினில் மாட்டி ஒரு மல்துணிக் கிழிசலை ஓட்டினார். சரசரவென்று போனது. தையலைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். எனக்காக எழுந்து நின்றார்! "மாப்ள கையப் பாருங்கய்யா, கைய!" என்று பக்கத்துக் கடைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டார். நான் பல்லைக் காட்டினேன். வைகைக் கரையோடு திரும்பி வரும்போது வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது. முன்பு உன் பெயரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அன்றிலிருந்து என் பெயரைப் பார்த்தே பொறாமைப்பட வேண்டியதாயிற்று.

அப்புறம் வருஷக்கணக்கில் அதேதான் நடந்தது. வாசலில் நான் வாங்குவேன், உள்ளே நீ செய்வாய், வாசலில் நான் கொடுப்பேன். "அண்ணே கை ராசியான கை" என்பார்கள். ஒவ்வொரு தடவையும் நான் திரும்பி உள்கதவைப் பார்ப்பேன். நீ கதவோரம் நின்று முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டிருப்பாய். முகத்தில் ஒரு குறையும் தெரியாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாராட்டு எனக்கு வந்தது, தூக்கம் உனக்கு வந்தது. பாராட்டே வேண்டாத ஒரு மனசு உனக்கு எங்கிருந்து வந்தது என்று அதற்கும் ஒரு பொறாமை.

என் பெயர் மில்வரைக்கும் போய்விட்டது. ஒரு நாள் மேஸ்திரி ஒரு பித்தளைப் பட்டையைக் கொண்டுவந்து வைத்தார். "ஏம்ப்பா, நீ கையாலயே ஓட்டய முடி அளவுக்கு ஆக்குவியாமே. எங்க, எல்லாரும் பாக்கட்டும்" என்றார். சுற்றி இருபது பேர். "கை சுளுக்கிருச்சுங்க" என்று சொல்லித் தப்பித்தேன். சொன்னதற்காகத் துணியைக் கிழித்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நீ கட்டைப் பார்த்தாய். "எங்க வலிக்குது?" என்றாய். ஒரு இடத்தைக் காட்டினேன். சுளுக்குக்குப் பத்துக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்து, "எங்க, இன்னொருக்கா காட்டுங்க" என்றாய். நான் வேறு இடத்தைக் காட்டிவிட்டேன். நீ இரண்டு இடத்திலும் பத்துப் போட்டாய். மூன்று நாள் போட்டாய். உன் வாயோரத்தில் சிரிப்பு நின்றுகொண்டிருந்தது. எனக்குக் கோபமாக வந்தது, அந்தக் கோபத்தோடு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாம் இரண்டு பேரும் அந்த விஷயத்தைப் பேசிக்கொண்டது என்றால் அவ்வளவுதான்.

அப்புறம் அந்த ஐப்பசி. விடாத மழை, விடாத காய்ச்சல். ஒன்பதாம் நாள் கஞ்சியைக் குடித்துவிட்டு நீ கொஞ்சம் தெளிவாக இருந்தாய். "அண்ணே தகடு டப்பாக்குள்ள இருக்கு. ஒரு முடி பாக்கி இருக்கு. எந்திரிச்சதும் முடிச்சுத் தாரேன்" என்றாய். நீ எழுந்திருக்கவில்லை. டப்பாவை நான் பரணில் ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகு வாசலில் வந்தவர்களிடமெல்லாம், "அவ போனதுலருந்து கை ஓடல" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அதற்கும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். பெண்டாட்டிமேல் இவ்வளவு பிரியம் வைத்தவன் உண்டா என்று.

இன்று மீரான் பாய் தகட்டைக் கேட்டதும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. சொல்லிவிட்டேன்.

"பாய், உக்காருங்க. இத்தன வருசமா நான் கொண்டாந்து குடுத்தது எதுவும் என் கை இல்ல. எல்லாம் அவ செஞ்சது. நான் தூக்கிட்டு வந்த ஆளு, அம்புட்டுத்தான்."

அவர் என்னையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "எங்கம்மா மவுத்தாயி அடக்கமானப்புறம் தகப்பனாரு எங்கத்தாவும் இப்படித்தான் மாப்ள. தன் கடைய நடத்துனதே அவதான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. எங்கம்மா கடப் பக்கமே வந்ததில்ல."

"அது இல்ல பாய். அன்னைக்குப் பெருநாச் சட்ட கிழிஞ்சதே, அந்தத் தகட்டக் கெடுத்ததும் நான்தான். அவ சரியாத்தான் வச்சிருந்தா. நான் எடுத்துத் திருகிட்டேன்."

"விடுங்க மாப்ள. போனவுக மேல உள்ள பழியையும் நீங்க ஏத்துக்கிறீக. அம்புட்டுப் பாசம் ஒங்களுக்கு." என் தோளைத் தட்டினார். "நான் மரத்தடியில இருக்கேன். மெதுவாப் பாத்துக் குடுங்க."

பார்த்தாயா என் கதியை? உண்மையைச் சொன்னேன், அதற்கும் எனக்கே மாலை போட்டுவிட்டார். உன்னுடையதை உனக்குத் திருப்பிக் கொடுக்கக்கூட விடமாட்டேன் என்கிறார்கள்.

அவர் போய் உனக்காகக் காத்திருந்த அதே மரத்தடியில் உட்கார்ந்தார். நான் டப்பாவை இறக்கினேன். தகடு துணியில் சுற்றி இருந்தது, ஊசியும் நூலும் கூடவே. நூல் கோத்த ஊசியை விட்டேன், போகவில்லை. இன்னும் கொஞ்சம் இருந்தது, நீ சொன்ன அந்த ஒரு முடி. கொஞ்சம் கூடிவிட்டால் தீர்ந்தது, குழவியைப் போட்டுத் தட்டிச் சுருக்க இங்கே யார் இருக்கிறார்கள்? நாலுபட்டையை எடுத்தேன், திரும்ப வைத்தேன். ஃபிட்டர் கையாம்!

எண்ணெய்ச் சிமிழ் காய்ந்திருந்தது. அடுப்படியில் போய் விளக்கெண்ணெய் எடுத்துவந்தேன். மேலிருந்து கால் சுற்று. எடுத்தேன், துடைத்தேன். புரட்டிக் கீழிருந்து கால் சுற்று. எடுத்தேன், துடைத்தேன். ஊசியும் நூலும் போயின. அப்புறம் முடிக்கு எங்கே போவது? என் தலையில் அளவு பார்க்கும்படியாக ஒன்றும் மிச்சமில்லை. டப்பாவின் மூலையில் நீ தலைவாரிச் சுருட்டி வைத்த சிக்குமுடி ஒரு உருண்டை இருந்தது. அதிலிருந்து ஒன்றை உருவினேன். நீளமாக வந்துகொண்டே இருந்தது. ஊசியோடு சேர்த்து ஓட்டையில் வைத்தேன். போகவில்லை. அழுத்தினேன், வளைந்து வெளியே நின்றது, உன் அளவேதான். தகட்டை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன்.

பாய் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தங்கச்சி போயும் ஒங்க கை தவறல மாப்ள!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். நான் பழக்கத்தில் திரும்பி உள்கதவைப் பார்த்தேன்.

ஊர் எனக்குக் கொடுத்த பெயரில் இன்றைக்குத் திருகிய இந்த அரைச் சுற்று மட்டும் என்னுடையது. மீதி உன்னுடையது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் நான் சுமந்துகொண்டிருக்கிறேன். பாயிடம் கொடுக்கும் முன் தகட்டைப் புரட்டி அடியில் விரல் வைத்துப் பார்த்தேன். பிசிறு தட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என் விரல் மில்லில் காய்த்துப்போன விரல், அதற்கு என்ன தெரியும்? நீ ஒருக்கா வைத்துப் பார்த்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.